அநாதைச் சிறாருக்குக் கூரை மட்டும் போதுமா? கிறிஸ்தவத் தொண்டின் வரலாறு தரும் படிப்பினை

பெற்றோரை இழந்த பிள்ளையை ஆதரிப்பதும், வீதியோரத்தில் உறங்கும் சிறுவனுக்கு உணவும் உறைவிடமும் அளிப்பதும் சமயங்கள் யாவும் ஒருமித்து வலியுறுத்தும் கடமைகளாகும். இக்கடமையை நிறுவன வடிவில், பெருமளவில், நீண்டகாலமாக நிறைவேற்றி வந்தோரில் கிறிஸ்தவத் தொண்டர்கள் முன்வரிசையில் நிற்கின்றனர். ஐரோப்பாவில் அவர்கள் உருவாக்கிய அநாதை இல்லம் என்னும் அமைப்பே பின்னர் ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் பரவியது. இன்று நமது நாட்டில் சைவ, இஸ்லாமிய, பௌத்த நிறுவனங்கள் நடத்தும் சிறுவர் இல்லங்களிலும் அந்த அமைப்பின் சாயலைக் காணலாம்.

ஆயின் அந்த நீண்ட வரலாறு பெருமைக்குரிய சாதனைகளை மட்டும் கொண்டதன்று. நல்ல நோக்கத்துடன் தொடங்கிய பணி, பிள்ளையைப் பெற்ற தாயிடமிருந்தும் பிறந்த மண்ணிலிருந்தும் நிரந்தரமாகப் பிரித்துவிட்ட சந்தர்ப்பங்களும் அதில் உண்டு. அப்பணியின் தோற்றம், வளர்ச்சி, தவறுகள், திருத்தங்கள் ஆகியவற்றை வரிசையாக நோக்கின், சிறுவர் இல்லங்களுக்கு நன்கொடை வழங்கும் நம் ஒவ்வொருவருக்கும் பயன்படக்கூடிய சில தெளிவுகள் கிடைக்கும்.

யார் இந்த வீதிச் சிறுவர்கள்?

வீதியில் காணப்படும் பிள்ளைகள் அனைவரும் அநாதைகள் என்ற எண்ணம் பொதுவாக நிலவுகின்றது. உண்மை நிலை அதனினின்றும் வேறானது. பகல் முழுவதும் வீதியில் பொருள் விற்றோ யாசகம் பெற்றோ உழைத்துவிட்டு இரவில் வீடு திரும்பும் பிள்ளைகள் ஒரு பிரிவினர். குடும்பத்துடனேயே நடைபாதையில் வாழ்பவர்கள் இன்னொரு பிரிவினர். குடும்பத் தொடர்பு அறவே அறுந்து, பஸ் நிலையத்தையும் சந்தையையுமே வீடாகக் கொண்டவர்கள் மூன்றாம் பிரிவினர். இம்மூன்றாம் பிரிவினருள்ளும் வறுமை, வன்முறை, தந்தையின் குடிப்பழக்கம், மாற்றாந்தாயின் கொடுமை என்பவற்றால் வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள் பலர்.

ஐக்கிய நாடுகள் சபையின் சிறுவர் உரிமைகள் குழு 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட தனது 21 ஆவது பொதுக் கருத்துரையில் இப்பிள்ளைகளை 'வீதிச் சூழ்நிலைகளில் உள்ள சிறுவர்கள்' என்று குறிப்பிட்டது. பிரச்சினை பிள்ளையிடம் இல்லை, அவனை அங்கு கொண்டுவந்து சேர்த்த சூழ்நிலையிலேயே உள்ளது என்பதை அச்சொற்றொடர் உணர்த்துகின்றது. சூழ்நிலை வெவ்வேறாக இருக்கையில் பரிகாரமும் வெவ்வேறாகவே இருத்தல் வேண்டும். இந்த வேறுபாட்டை உணர்ந்த இடங்களில் தொண்டு வெற்றி பெற்றது. உணராத இடங்களில் தடம்புரண்டது.

ஹாலேயிலிருந்து பிரிஸ்டலுக்கு

ஜேர்மனியின் ஹாலே நகரில் ஓகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்னும் லூத்தரன் குரு 1698 இல் ஒரு பெரிய அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். பாடசாலை, அச்சகம், மருந்தகம் ஆகியன அதனோடு இணைந்து வளர்ந்தன. அந்த ஹாலே நகருக்கும் தமிழுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்று, தமிழில் நூல்களை அச்சேற்றிய சீகன்பால்க் அங்கு கல்வி பயின்றவரே.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்தின் பின் அதே ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்றவர் ஜோர்ஜ் முல்லர். பிரஷ்யாவில் 1805 இல் பிறந்த இவர் 1829 இல் இங்கிலாந்து சென்று, பின்னர் பிரிஸ்டல் நகரில் போதகரானார். பிராங்கேயின் வரலாற்றை வாசித்ததன் தூண்டுதலால் 1836 ஏப்ரலில், வில்சன் வீதியில் வாடகைக்குப் பெற்ற ஒரு வீட்டில் பெண் பிள்ளைகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கு எஞ்சியிருந்த புகலிடம் அரச ஏழைகள் விடுதி ஒன்றுதான். 1834 ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் அவ்விடுதிகளை வேண்டுமென்றே கடுமையானவையாக அமைத்திருந்தது. அநாதை இல்லங்கள் சில இருந்தபோதிலும் அவற்றில் இடம்பெறச் செல்வாக்குள்ளோரின் சிபாரிசு தேவைப்பட்டது. முல்லரின் இல்லத்தில் சிபாரிசுக்கு இடமிருக்கவில்லை.

1849 இல் நகரின் எல்லையில் ஆஷ்லி டவுன் என்னும் மேட்டு நிலத்தில் முதலாவது பெரிய கட்டடம் திறக்கப்பட்டது. 1870 இல் ஐந்து கட்டடங்கள் நிறைவெய்தி, ஒரே காலத்தில் 2,050 பிள்ளைகளைப் பராமரிக்கும் வசதி ஏற்பட்டது. 1898 இல் தமது 92 ஆவது வயதில் முல்லர் மறைந்தபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவ்வில்லங்களின் நிழலில் வளர்ந்திருந்தனர். எவரிடமும் நேரில் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்ற இரு விதிகளை அவர் இறுதிவரை கடைப்பிடித்தார். தேவையை இறைவனிடம் மட்டுமே கூறுவதாக அவர் சொன்னார். எனினும் ஆண்டுதோறும் அவர் வெளியிட்ட விரிவான அறிக்கைகளே நன்கொடையாளரின் உள்ளத்தைத் தொட்டன என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டுவதுண்டு. எவ்வாறாயினும், வந்த பணத்துக்கும் செலவழித்த பணத்துக்கும் பகிரங்கமாகக் கணக்குக் காட்டிய அவருடைய நேர்மை பொதுப்பணியில் ஈடுபடுவோர் யாவரும் பின்பற்றத்தக்கதாகும்.

முல்லரின் இல்லங்களில் இடம்பெறுவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. தாய், தந்தை இருவரையும் இழந்த, முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளைகளே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். திருமணமாகாத தாயின் பிள்ளைக்கு அங்கு கதவு திறக்கவில்லை என்பது அந்நிபந்தனையின் குறை. உயிருடனிருக்கும் தாயிடமிருந்து எந்தப் பிள்ளையும் பிரிக்கப்படவில்லை என்பது அதன் நிறை. இந்த நிறையின் பெறுமதி பின்னர் வந்தவர்களின் வரலாற்றை நோக்கும்போதே புலனாகும்.

தூரின் நகரில் டொன் பொஸ்கோ

இத்தாலியின் தூரின் நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விரைவாக வளர்ந்துகொண்டிருந்தது. கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்த சிறுவர்கள் கொத்தனாருக்கு உதவியாளராகவும் புகைபோக்கி துடைப்பவர்களாகவும் அலைந்தனர். வேலையற்ற காலத்தில் அவர்களிற் பலர் திருட்டில் இறங்கிச் சிறை சென்றனர். 1841 இல் குருப்பட்டம் பெற்ற ஜோன் பொஸ்கோ அச்சிறைகளுக்குச் சென்றபோது, விடுதலையாகும் சிறுவர்கள் மீண்டும் மீண்டும் அங்கேயே திரும்பி வருவதைக் கண்டார். வெளியே அவர்களை எதிர்கொள்ள ஒருவரும் இல்லாமையே அதற்குக் காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அவர் முதலில் கட்டடம் எதனையும் எழுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்களை ஒன்றுசேர்த்து விளையாட்டும் பாட்டும் மறைக்கல்வியும் எழுத்தறிவும் அளித்தார். 1846 இல் வால்டோக்கோ என்னுமிடத்தில் ஒரு கொட்டில் கிடைத்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் அவருடைய விதவைத் தாயார் மார்கரிட்டா கிராமத்தை விட்டு வந்து மகனுக்குத் துணையானார். தங்குமிடமற்ற சிறுவர்கள் 1847 முதல் அங்கு தங்கவைக்கப்பட்டனர். சமைப்பதும் கிழிந்த உடையைத் தைப்பதும் நோயுற்றவனைக் கவனிப்பதும் அந்த முதிய தாயின் பொறுப்பாயின. கண்டிப்பான விடுதியாக மாறியிருக்கக்கூடிய ஓரிடத்தில் வீட்டின் தன்மை நிலைத்தமைக்கு அத்தாயாரின் பிரசன்னமே காரணம் எனலாம்.

அடுத்து டொன் பொஸ்கோ கவனஞ் செலுத்தியது தொழிலில். 1851, 1852 ஆம் ஆண்டுகளில் அவர் தமது பிள்ளைகளைப் பயிலுநர்களாக ஏற்ற தொழில் எசமானர்களுடன் எழுத்து மூலமான ஒப்பந்தங்களைச் செய்தார். தொழிலை முறையாகக் கற்பிக்க வேண்டும், ஞாயிறு ஓய்வளிக்க வேண்டும், அடிக்காமல் சொல்லால் மட்டும் திருத்த வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் அவற்றில் இருந்தன. பயிலுநர்கள் அடிமைகள் போல் நடத்தப்பட்ட காலத்தில் இது துணிச்சலான முயற்சியாகும். 1853 முதல் செருப்புத் தைத்தல், தையல், புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சு என்று இல்லத்துக்குள்ளேயே தொழிற்கூடங்கள் அமைந்தன. தண்டனைக்கு முன்பே பிள்ளையின் பக்கத்தில் இருந்து தவறைத் தடுப்பதே ஆசிரியரின் வேலை என்னும் தமது முறையை அவர் 'தடுப்பு முறை' என அழைத்தார். பகுத்தறிவு, சமயம், அன்பு என்பன அதன் மூன்று தூண்களாகும்.

அவர் 1859 இல் நிறுவிய சலேசியன் சபையின் குருக்கள் 1906 இல் தஞ்சாவூருக்கு வந்து ஓர் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றதோடு இந்தியாவில் அச்சபையின் பணி தொடங்கியது. சென்னையின் அன்பு இல்லம், பெங்களூரின் பொஸ்கோ, விஜயவாடாவின் நவஜீவன் போன்றவை இந்த மரபில் வந்த வீதிச் சிறுவர் நிலையங்களாகும். நமது நாட்டில் நீர்கொழும்பிலும் சலேசியன் சபையினரின் தொழிற்பயிற்சிப் பணி நடைபெற்று வருகின்றது.

இந்நிலையங்கள் வேலை செய்யும் முறை கவனத்துக்குரியது. தொண்டர் முதலில் புகையிரத நிலையத்துக்குச் சென்று சிறுவர்களுடன் பழகுகின்றார். உடனடியாக இல்லத்துக்கு வரும்படி வற்புறுத்துவதில்லை. குளிக்கவும் உண்ணவும் பொருட்களைப் பாதுகாப்பாக வைக்கவும் இரவில் உறங்கவும் ஓரிடம் இருப்பதை மட்டும் அறிவிக்கின்றார். நம்பிக்கை வளர்ந்த பின்னரே ஊர், பெயர், வீட்டை விட்டு வந்த காரணம் ஆகியன வெளிவருகின்றன. அதன்பின் குடும்பத்தைத் தேடுதல், திரும்பிச் செல்லக்கூடிய நிலை உள்ளதா என ஆராய்தல், இயலாதெனில் கல்வி அல்லது தொழிற்பயிற்சி என்று பணி படிப்படியாக நகர்கின்றது. புதிதாக வந்திறங்கிய சிறுவனைத் தரகரும் குற்றக்கும்பலும் அணுகுமுன் தொண்டர் அணுகிவிடுவது இதில் மிக முக்கியமானது. நாள் கடந்தால் வீதியே அவனுக்கு வீடாகிவிடும்.

இலண்டனில் திறந்த கதவு

இலண்டனின் கிழக்குப் பகுதியில் 1866 இல் வாந்திபேதி நோய் பரவி ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. சீனாவுக்கு மருத்துவ ஊழியராகச் செல்லும் நோக்குடன் டப்ளினிலிருந்து அவ்வாண்டில் அங்கு வந்த தோமஸ் பர்னாடோ, அந்நகரின் கூரைகளிலும் சந்துகளிலும் உறங்கிய சிறுவர்களைக் கண்டு சீனப் பயணத்தைக் கைவிட்டார். 1870 இல் ஸ்டெப்னியில் ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தை நிறுவினார். இடமில்லை என்று திருப்பியனுப்பப்பட்ட ஒரு சிறுவன் சில நாட்களில் வீதியில் இறந்து கிடந்ததாகவும், அதன் பின்னரே ஆதரவற்ற எந்தப் பிள்ளைக்கும் அனுமதி மறுக்கப்படாது என்ற அறிவிப்புப் பலகை வாசலில் தொங்கவிடப்பட்டதாகவும் அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகின்றது. முல்லரின் நிபந்தனைகள் எதுவும் இங்கு இருக்கவில்லை. திருமணமாகாத தாயின் பிள்ளைக்கும் உடல் ஊனமுற்ற பிள்ளைக்கும் கதவு திறந்திருந்தது. 1905 இல் பர்னாடோ இறக்கும்போது ஏறத்தாழ 60,000 பிள்ளைகள் அவருடைய பராமரிப்பைப் பெற்றிருந்தனர்.

பல விடயங்களில் அவர் தம் காலத்துக்கு முந்திச் சென்றவர். பெரிய விடுதிகள் பெண் பிள்ளைகளுக்கு உகந்தவையல்ல எனக் கண்டு, 1876 இல் பார்க்கிங்சைட் என்னுமிடத்தில் சிறு சிறு வீடுகளைக் கொண்ட ஒரு கிராமத்தை அமைத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு 'தாய்' பொறுப்பாக இருந்தார். 1880களில் பிள்ளைகளைக் கிராமப்புறக் குடும்பங்களில் கொடுத்து வளர்க்கும் முறையையும் தொடங்கினார்.

ஆயினும் அவரது பணியில் ஆழமான குறைகள் இருந்தன. நன்கொடை திரட்டுவதற்காக, பிள்ளை வந்த வேளையிலும் வளர்ந்த பின்னும் எடுக்கப்பட்ட புகைப்படங்களை அருகருகே அச்சிட்டு விற்றார். கந்தலை வேண்டுமென்றே மிகைப்படுத்திச் சில படங்கள் எடுக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1877 இல் நடைபெற்ற நடுத்தீர்ப்பு விசாரணை பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தபோதும், அத்தகைய புனைவான படங்களைக் கண்டித்தது. பிள்ளையின் அவமானத்தைக் காட்டிப் பணம் திரட்டுவது தகுமா என்ற கேள்வி, உணவுப் பொதியைப் பெறும் பிள்ளையின் முகத்தை முகநூலில் வெளியிடும் இக்காலத்துக்கும் பொருந்தும்.

இன்னொரு குறை இதனினும் பாரதூரமானது. தகுதியற்ற பெற்றோர் எனத் தாம் கருதியோரிடமிருந்து அவர்களின் சம்மதமின்றியே பிள்ளைகளை அகற்றியதை பர்னாடோ மறைக்கவில்லை. அதனை அறச்செயலாகவே வாதிட்டார். பெற்றோர் நீதிமன்றம் சென்றனர். பிள்ளை ஏற்கெனவே கடல் கடந்து அனுப்பப்பட்டுவிட்டதால் திருப்பிக் கொடுக்க இயலாது என்ற பதிலும் ஒரு வழக்கில் கூறப்பட்டது.

கடல் கடந்து அனுப்பப்பட்ட பிள்ளைகள்

பிரிட்டிஷ் தொண்டு நிறுவனங்கள் பல 1869 முதல் தமது பராமரிப்பிலிருந்த பிள்ளைகளைக் கனடாவுக்குக் குடியேற்றவாசிகளாக அனுப்பத் தொடங்கின. இலண்டனின் சேரியை விடக் கனடாவின் வயல்வெளி பிள்ளைக்கு நல்லது என்பது அவற்றின் நம்பிக்கை. 1930கள் வரை சுமார் ஒரு இலட்சம் பிள்ளைகள் இவ்வாறு அங்கு சென்றனர். அவர்களுள் பர்னாடோ நிறுவனம் அனுப்பியோர் மட்டும் ஏறத்தாழ 30,000 பேர். அன்பான குடும்பங்களைச் சென்றடைந்த பிள்ளைகளும் உண்டு. கூலியற்ற பண்ணை வேலையாட்களாக, தனிமையிலும் அடியிலும் வளர்ந்தவர்களும் ஏராளம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து நிறுவனங்கள் இரண்டுமே இதில் பங்குகொண்டன. பெற்றோர் உயிருடன் இருந்தும், அவர்கள் இறந்துவிட்டதாகப் பிள்ளைகள் பலருக்குக் கூறப்பட்டது.

1986 இல் நொட்டிங்ஹாம் நகரின் சமூக சேவையாளர் மார்கரட் ஹம்பிரீஸ், அவுஸ்திரேலியாவிலிருந்து தன் வேர்களைத் தேடிய ஒரு பெண்ணின் கடிதத்தைப் பெற்றார். அதைத் தொடர்ந்த தேடலே இந்த வரலாற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நடு வயதைக் கடந்த மனிதர்கள் தம் தாயின் முகத்தை முதன்முறையாகக் கண்டனர். சிலர் கல்லறையை மட்டுமே கண்டனர். அவுஸ்திரேலியா 2009 நவம்பரிலும் பிரிட்டன் 2010 பெப்ரவரியிலும் பகிரங்கமாக மன்னிப்புக் கோரின. கனடாவின் மக்கள் சபை 2017 இல் மன்னிப்புத் தீர்மானத்தை நிறைவேற்றியது. பிரிட்டனின் சுயாதீன விசாரணைக் குழு 2018 இல் வெளியிட்ட அறிக்கை, அப்பிள்ளைகளிற் பலர் அனுபவித்த உடல், பாலியல் கொடுமைகளைப் பதிவு செய்து, அரசாங்கமே இதற்கான முதன்மைப் பொறுப்பாளி எனக் கூறியது.

இவற்றைச் செய்தவர்கள் அனைவரும் தீயவர்கள் அல்லர். பிள்ளையின் நலனைப் பிள்ளையையும் தாயையும் கேளாமலே தாம் அறிவோம் என எண்ணியமையே அவர்களின் அடிப்படைத் தவறாகும். அவர்கள் கேட்டிருந்தால் அந்தத் தாய்மாரிற் பலர் வேண்டியிருக்கக்கூடியது சில மாத வாடகையும் ஒரு வேலையும்தான்.

பிள்ளையின் சமயமும் பெயரும்

ஆதரவற்ற பிள்ளையை எந்தச் சமயத்தில் வளர்ப்பது? நமது சமூகங்களில் இக்கேள்வி பெரும் சந்தேகங்களையும் கசப்புகளையும் உருவாக்கியுள்ளது. இது நமக்கு மட்டுமே உரிய பிரச்சினையும் அன்று. பிரிட்டனிலேயே கத்தோலிக்கப் பெற்றோரின் பிள்ளைகளைப் புரட்டஸ்தாந்து இல்லம் தன் முறையில் வளர்ப்பதாகப் பெரும் சர்ச்சை மூண்டது. பர்னாடோவுக்கு எதிரான ஒரு வழக்கில், திருமணமாகாத தாயாயினும் தன் பிள்ளையின் வளர்ப்புத் தொடர்பான அவளது விருப்பம் மதிக்கப்பட வேண்டும் என 1891 இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சிறுவர் பொறுப்புச் சட்டம் இரு அம்சங்களைக் கொண்டிருந்தது. பிள்ளையைக் கைவிட்ட பெற்றோரிடம் அதனைத் திருப்பிக் கொடுக்க மறுக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு வழங்கப்பட்டது. அவ்வாறு மறுக்கும்போதும், பெற்றோருக்கு உரிமையுள்ள சமயத்திலேயே பிள்ளை வளர்க்கப்படுவதை உறுதிசெய்யும் அதிகாரமும் சேர்த்து வழங்கப்பட்டது.

யாழ்ப்பாணத்திலும் இதன் ஒரு சாயலைக் காணலாம். 1816 முதல் அங்கு பணியாற்றிய அமெரிக்க மிஷன், விடுதிப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் உயர்தரக் கல்வியும் இலவசமாக அளித்தது. அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பிய கொடையாளர்களின் விருப்பப்படி ஆங்கிலப் பெயர்கள் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. வட்டுக்கோட்டைச் செமினறியில் பயின்று புகழ்பெற்ற கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஆகியோரின் பெயர்களில் அவ்வழக்கத்தின் தடயம் உள்ளது. அவர்கள் அநாதைகளல்லர். அந்தக் கல்வி தமிழுக்குப் பேரறிஞர்களைத் தந்தது என்பதும் மறுக்கவியலாதது. ஆயினும் கொடுப்பவன் தன் பெயரைப் பெறுபவன் மீது எழுதும் அந்த வழக்கம் கொடையின் எல்லை எதுவென்ற கேள்வியை எழுப்புகின்றது.

இவ்விடத்தில் இஸ்லாமிய மரபு தெளிவான ஒரு நெறியை வகுத்துள்ளது. யதீம்களின் சொத்தைப் பாதுகாப்பதையும் அவர்களை அரவணைப்பதையும் உயர்ந்த கடமையாக்கிய அம்மரபு, வளர்க்கப்படும் பிள்ளை தன் சொந்தத் தந்தையின் பெயராலேயே அழைக்கப்பட வேண்டும் எனவும் விதிக்கின்றது. வம்சத்தை அழிக்காது பராமரிப்புப் பொறுப்பை மட்டும் ஏற்கும் இம்முறை கபாலா எனப்படும். 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயம் தனது 20 ஆவது உறுப்புரையில், வளர்ப்புக் குடும்பம், மகவேற்பு ஆகியவற்றுடன் கபாலாவையும் பெயர் குறிப்பிட்டு அங்கீகரித்துள்ளது. பிள்ளையின் இன, சமய, பண்பாட்டு, மொழிப் பின்னணிக்கு உரிய மதிப்பளிக்கப்பட வேண்டும் என்பதும் அதே உறுப்புரையில் கூறப்பட்டுள்ளது. இலங்கை இச்சமவாயத்தை 1991 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. எனவே எந்தச் சமயத்தவர் நடத்தும் இல்லமாயினும், அங்கு சேரும் பிள்ளை தன் பெயரையும் மொழியையும் வழிபாட்டையும் வாசலில் கழற்றிவைத்து உள்ளே செல்ல வேண்டியதில்லை.

விடுதியா, குடும்பமா?

ருமேனியாவில் 1989 இல் சௌஷெஸ்கு ஆட்சி வீழ்ந்தபோது ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரச விடுதிகளில் இருப்பதை உலகம் கண்டது. பின்னர் புக்கரெஸ்ட் நகரில், விடுதிகளில் இருந்த 136 கைக்குழந்தைகளையும் சிறு குழந்தைகளையும் கொண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை நடத்தினர். ஒரு பகுதியினர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர்; ஏனையோர் வழமையான பராமரிப்பில் தொடர்ந்தனர். 2007 இல் வெளியான முடிவுகள், குடும்பத்துக்குச் சென்ற பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி கணிசமாக உயர்ந்ததைக் காட்டின. இரண்டு வயதுக்கு முன் குடும்பம் கிடைத்தவர்களுக்குப் பயன் அதிகமாக இருந்தது. மணிக்கணக்கில் மாறும் ஊழியர்களிடம் பெறவியலாத ஏதோவொன்றை, தனக்கே உரியவளான ஒருத்தியிடமிருந்து குழந்தை பெறுகின்றது என்பதை இது விஞ்ஞான ரீதியாக நிறுவியது. மார்கரிட்டாவின் சமையலறையில் டொன் பொஸ்கோ கண்டதும் இதுவே.

ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2009 இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள் இவ்வனுபவங்களின் சாரமாகும். வறுமை ஒன்றையே காரணமாக்கிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கலாகாது என்றும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் இயன்றவரை குடும்பச் சூழலிலேயே பராமரிக்கப்பட வேண்டும் என்றும் அவை வலியுறுத்துகின்றன. கிறிஸ்தவ நிறுவனங்களும் இத்திசையிலேயே மாறியுள்ளன. முல்லரின் ஆஷ்லி டவுன் கட்டடங்கள் 1958 இல் விற்கப்பட்டன. பர்னாடோ நிறுவனம் இப்போது பழைய பாணியிலான அநாதை இல்லங்களை நடத்துவதில்லை. வளர்ப்புக் குடும்பச் சேவைகளிலும் குடும்பங்களுக்கான உதவிகளிலும் ஈடுபட்டுள்ளது.

ஆயினும் உலகின் வேறு பகுதிகளில் எதிர்மாறான போக்கும் காணப்பட்டது. கம்போடியாவில் 2005 முதல் 2010 வரையான ஐந்தாண்டுகளில் அநாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதத்தால் அதிகரித்தது. அவற்றிலிருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தமையை யுனிசெப் எடுத்துக்காட்டியது. பெருகியது அநாதைகளின் தொகையன்று. அநாதை இல்லங்களைப் பார்வையிட்டுப் பணம் வழங்கும் வெளிநாட்டாரின் தொகையே. பணம் கட்டடத்தை நோக்கிச் செல்லும்போது கட்டடம் பிள்ளையைத் தேடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

நமது நாட்டுக்குப் பொருந்துவன

இலங்கையில் 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டமும் 1941 ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டமும் இத்துறையின் பழைய அடித்தளங்களாகும். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவாக்கப்பட்டது. பாதிக்கப்படும் சிறுவர்கள் குறித்து 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம். இல்லங்களைக் கண்காணிக்கும் பொறுப்பு நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களங்களைச் சார்ந்தது. மட்டக்களப்பில் இராமகிருஷ்ண மிஷனின் இல்லம், மாகொல முஸ்லிம் அநாதை நிலையம், கிறிஸ்தவ சபைகளின் இல்லங்கள் எனப் பல நிறுவனங்கள் போரினாலும் வறுமையினாலும் நலிந்த தலைமுறைகளுக்குக் கல்வியளித்து ஆளாக்கியுள்ளன. அவற்றின் சேவையை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆயினும் இங்கும் இல்லங்களில் உள்ள பிள்ளைகளிற் பலர் பெற்றோரில் ஒருவரையேனும் உடையவர்கள். தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண். தந்தை மறுமணம் புரிந்தவர். அல்லது போரில் கணவனை இழந்த தாய்க்கு மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்க வழியில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, உணவளிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளை இல்லங்களில் ஒப்படைக்க முன்வந்த செய்திகள் வெளியாகின. இத்தகைய தாய்க்கு இல்லம் ஒன்றே தெரிவாக இருக்குமாயின், அவள் தன் விருப்பத்தின் பேரில் பிள்ளையைக் கொடுத்தாள் என்று கூறுவது பொருந்தாது.

மாற்றுவழி சாத்தியம் என்பதற்கும் நமது நாட்டிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளிற் பெரும்பாலோரைப் பாட்டனார், பாட்டியார், மாமன், சிற்றன்னை என்று உறவினரே ஏற்றுக்கொண்டனர். புதிய இல்லங்களை அமைக்கவும் பிள்ளைகளை மகவேற்கவும் எங்கிருந்தோவெல்லாம் பலர் விரைந்து வந்த வேளையில், 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் அப்பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கும் ஏற்பாடு செய்தது. தமிழ், முஸ்லிம் சமூகங்களில் இன்னும் உயிருடன் இருக்கும் விரிந்த குடும்ப உறவே எந்தக் கட்டடத்தையும் விஞ்சிய அநாதை இல்லம் என்பது அப்போது வெளிப்பட்டது.

இதனால் இல்லங்கள் அனைத்தையும் மூடிவிட வேண்டும் என்பது பொருளன்று. வீட்டிலேயே கொடுமைக்குள்ளான பிள்ளைக்கும், உறவினர் எவருமற்ற பிள்ளைக்கும், இரவோடிரவாகப் புகலிடம் தேவைப்படும் வீதிச் சிறுவனுக்கும் பாதுகாப்பான இடம் அவசியம். அவ்விடம் சிறியதாகவும், நிரந்தரமான பராமரிப்பாளரைக் கொண்டதாகவும், பாடசாலையோடும் ஊரோடும் தொடர்புடையதாகவும் இருக்க வேண்டும். பதினெட்டு வயதில் வெளியேறும் இளைஞனுக்குத் தொழிலும், தங்குவதற்கு ஓரிடமும், நோயுற்றால் அழைப்பதற்கு ஒருவரும் இருக்க வேண்டும். டொன் பொஸ்கோ 170 ஆண்டுகளுக்கு முன் எழுதிய தொழில் ஒப்பந்தங்கள் இதற்கு இன்றும் நல்ல முன்மாதிரியாகும்.

நன்கொடை வழங்குவோர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. இவ்வில்லம் பதிவு செய்யப்பட்டதா? கணக்குகள் பகிரங்கமாக உள்ளனவா? பிள்ளைகளிற் பெற்றோர் உள்ளவர்கள் எத்தனை பேர்? அவர்கள் எத்தனை நாட்களுக்கு ஒருமுறை தம் பிள்ளையைக் காண்கின்றனர்? கடந்த ஆண்டில் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினர்? பிள்ளை தன் சமயத்தைத் தொடர வசதி உள்ளதா? கோயில் திருவிழாவிலும் நோன்புப் பெருநாளிலும் நத்தாரிலும் உணவுப் பொதியுடன் சென்று படம் எடுத்துத் திரும்பும் நமக்கு இக்கேள்விகள் சற்றுச் சங்கடமானவைதாம். ஆனால் ஓர் இல்லத்தில் ஒரு பிள்ளையைப் பராமரிக்கும் செலவில் ஒரு பகுதியை அதன் தாய்க்கு மாதந்தோறும் வழங்கினால் அப்பிள்ளை இல்லத்துக்கே வந்திராது என்ற நிலை பல இடங்களில் உள்ளது. ஸகாத் நிதியும் ஆலய அறநிதியும் திருச்சபைக் காணிக்கையும் அந்தத் தாயின் கதவை முதலில் தட்டுமாயின், வீதிக்கு வரும் பிள்ளைகளின் தொகை குறையும்.

கிறிஸ்தவத் தொண்டர்கள் கைவிடப்பட்ட பிள்ளையைத் தேடி வீதிக்கு இறங்கியது மனிதகுலத்துக்கு அவர்கள் செய்த பேருதவி. அதே மரபினர் தமது தவறுகளைத் தாமே ஆராய்ந்து, மன்னிப்புக் கோரி, வழிமுறைகளை மாற்றிக்கொண்டமை இரண்டாவது உதவி. முதலாவதை நாம் ஏற்கெனவே கற்றுக்கொண்டு இல்லங்களை அமைத்துவிட்டோம். இரண்டாவதையும் கற்றுக்கொள்வதற்கு, ஒரு முழுத் தலைமுறைப் பிள்ளைகள் தம் தாயைத் தேடி அலையும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.